நாலு டிகிரி

திடீர் ஆய்வு என்று முந்தாநாளே சொல்லிவிட்டார்கள்.
தாராபுரத்திலிருந்து எட்டுப் படுக்கை விரிப்பு வந்தது,
திருப்பித் தரவேண்டும் என்ற சீட்டோடு.
வாசல் வேம்புக்கு இடுப்பளவு சுண்ணாம்பு.
கழிப்பறைக்குப் புதுப் பூட்டு; அதன் சாவி
யாரிடம் என்று இன்றுவரை தெரியவில்லை.

பதினோரு மணிக்கு என்ற அமைச்சர்
ஒன்றேகாலுக்கு வந்தார்.
பின்னால் ஏழு கார். அதற்கும் பின்னால்
கொன்னைவலசு அதுவரை பார்த்திராத புழுதி.

வேலாத்தாள் அம்மையாருக்கு முட்டிவலி, மெல்லத்தான் நடந்தார்.
சுண்ணாம்பைப் பார்க்கவில்லை, விரிப்பைத் தொடவில்லை.
துணை இயக்குநர் ஒவ்வொரு கதவாகத் திறந்து
எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தார்:
புறநோயாளிகள் இத்தனை, பிரசவம் இத்தனை, இலக்கு இத்தனை.
தலையாட்டிக்கொண்டே வந்தவர்
என் அறையில் நின்றார்.

தடுப்பூசிப் பெட்டி. அதன்மேல் ஓர் அட்டை.
காலையும் மாலையும் நான் எழுதும் வெப்பநிலை.
நாலு. நாலு. நாலு. நாலு.
மாதம் முழுக்க நாலு,
ஒரே பேனா, ஒரே சாய்வு,
வாத்தியார் நூறு தடவை எழுதச் சொன்னதுபோல.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
"தம்பி, பேரென்னங்க?"
"மயிலானந்தனுங்க."
"பதினேழாந் தேதி நா மூலனூர்ல ஒரு சீருக்கு வந்திருந்தேன்.
அஞ்சு மணிக்குப் போன கரண்டு விடியற வரைக்கும் வரலீங்க.
எலையில என்ன வெச்சிருக்காங்கன்னே தெரியாமத்தான் உண்டோம்.
உங்க பொட்டிக்கு மட்டும் நாலா?"

ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள்
சுற்றிக்கொண்டிருந்தன, வேறு யாருக்கோ.
ஜெனரேட்டர் ஓடிப் பதினாலு மாசம் ஆச்சுங்க
என்று வாயெடுத்தேன்.
துணை இயக்குநர் என் சட்டைப் பையிலிருந்த
பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மையார் மூடியைத் தூக்கி ஒரு குப்பியை எடுத்து
வெளிச்சத்துக்குக் காட்டினார்.
வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம்;
சூடு பட்டால் கறுத்துக்கொண்டே போகும்.
அந்தக் கணக்கை அவருக்கு யார் சொன்னதோ.
"இன்னும் வெளுப்பாத்தான் இருக்குது.
உங்க நல்ல நேரமுங்க."
குப்பியை வைத்தபின், "உங்களுது இல்ல," என்றார்.

பதினெட்டு, புதன்கிழமை.
பதினொரு குழந்தைகள் வந்திருந்தார்கள்.
நூற்பாலையில் ஷிப்டு முடிந்து ஓடிவந்த ஒடிசாக்காரி,
அவள் இரட்டைப் பிள்ளைகள், நாலு தொடைகள்.
நாலு.

யாரையும் இடைநீக்கம் செய்யவில்லை.
ஆய்வுக் குறிப்பேட்டில் இரண்டு வரி பாராட்டு,
மூன்றாவது வரி: வெப்பநிலையை உள்ளபடி எழுதவும்.
கையெழுத்து, தேதி, கார்க் கதவுகள்.
விரிப்புகள் அன்று சாயங்காலமே தாராபுரம் போயின.
ஜெனரேட்டர் கோப்பு எங்கே போனதோ.

அடுத்த வாரம் மறுபடி இருட்டு.
குப்பிகளை ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிட்டு
டார்ச்சை வாயில் கவ்வி அட்டையில் எழுதினேன்:
ஒன்பது.
கொஞ்ச நேரம் கழித்து, பதினொன்று.
ஆறு வருஷத்தில் நான் எழுதிய முதல் எண்கள்.
கை நடுங்கியது, எழுத்தும் வேறு மாதிரி.

காலை எட்டு இருபதுக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து போன்.
"பதினொண்ணுன்னு அனுப்பியிருக்கீங்க.
சென்னையில உங்க நிலையம் மட்டும் செவப்பாத் தெரியுதுங்க.
சுத்துவட்டாரம் பூரா நாலு போட்டிருக்குது,
உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"குறிப்பேட்டுல முப்பத்தெட்டாம் பக்கமுங்க,
மூணாவது வரி," என்றேன்.

மறுமுனையில் பேச்சில்லை.
பிறகு, பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில்:
"எங்க ஆபீசுலயும்
நேத்து கரண்டு இல்லீங்க."